பனியண்ணாச்சியும் நான் எடுக்காத ஊசியும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மனிதர்கள் பயமில்லாமல் தும்மிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததாம். நான் பார்த்ததில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது பனியண்ணாச்சி ஏற்கெனவே கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கடைக்கு இந்தப் பக்கம் நாலு கடை, அந்தப் பக்கம் நாலு கடை. இதற்குள் யார் தும்மினாலும், தும்மியவர் மூக்கைத் துடைப்பதற்கு முன்பே அண்ணாச்சியின் தலை அந்தத் திசைக்குத் திரும்பிவிடும். திட்ட மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், அரிசி மூட்டை தூக்குகிற ஆட்கள்கூடப் பக்கத்துச் சந்துக்குள் போய்த் தும்மிவிட்டு வருவார்கள், பீடி பிடிக்கப் போகிறவர்களைப் போல.

முதல் நாள் முதலாளி என்னிடம், "வேலை என்னன்னு பனியண்ணாச்சிகிட்ட கேட்டுக்கோ" என்றார். நான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். பெயரைக் கேட்டதும் ஊட்டியோ கொடைக்கானலோ என்று நினைத்துக்கொண்டேன். குளிருக்குப் பழகிய ஆள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் எப்படித்தான் இருக்கிறாரோ என்று இரக்கம்கூடப் பட்டேன். மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. திருவனந்தபுரத்தில் பனி என்றால் காய்ச்சல். மலையாளிக்கும் அப்படித்தான், இங்கேயே இருந்து பழகிப்போன தமிழனுக்கும் அப்படித்தான். ஊசியைக்கூட இங்கே யாரும் 'போட' மாட்டார்கள், 'எடுப்பார்கள்'. அண்ணாச்சியின் சொந்தப் பெயர் ஆதார் அட்டையோடு நின்றுபோயிருந்தது.

எங்களுடையது ஆரியசாலைப் பக்கம் பைப்பும் பைப் சாமான்களும் பெயின்ட்டும் விற்கிற மொத்தக் கடை. அண்ணாச்சிக்கு அப்போதே ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, பைப் திரும்புகிற இடத்தில் மாட்டுகிற எல்போ ஒன்றைக் கையில் வாங்கி, முக்கால் இஞ்சா ஒரு இஞ்சா, எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு கை. ஆனால் அந்தக் கையால் அவர் வேறெதையும் தொட மாட்டார். கதவை முழங்கையால் தள்ளுவார். யார் கை நீட்டினாலும் கும்பிடுவார். கடைக்குப் பின்னால் இருந்த குழாயில் ஒரு சோப்பைத் துளை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சாப்பிடப் போகிறவன் அதைத் தொடாமல் தாண்டினால் பின்னாலிருந்து "சோப்பு" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு வார்த்தைதான். முதலாளியே இரண்டு முறை திரும்பிப் போய்க் கழுவியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் வீடு கரமனையில். பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். எந்த பஸ்ஸும் அவரைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நிச்சயமில்லை. பின் சீட்டில் யாராவது இருமினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். மழைக்காலத்தில் ஒரே வழிக்கு மூன்று பஸ் மாறியிருக்கிறார். ஒரு நாள் மூன்றிலும் இருமினார்கள். கிள்ளிப்பாலத்திலிருந்து வீடு வரை நடந்தே போனார்.

ஒரு முறை பெயின்ட் கம்பெனி ஆள் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைக்குள் கால் வைத்தார். அண்ணாச்சி உள்ளங்கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தினார். அவருடைய நம்பரைக் கேட்டு வாங்கி, எதிர்ச் சாரிக்குப் போய் நிற்கச் சொன்னார். பிறகு போன் போட்டார்.

"கேக்குதா?"

"கேக்குது சார். ஆனா நான் இங்கதானே நிக்கேன்."

"நீங்க அங்கேயே நிக்கணும்னுதான் போன்ல பேசுகேன். சொல்லுங்க, எந்தக் கலர்ல என்ன வந்திருக்கு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, இருபது நிமிஷம் போனில் வியாபாரம் பேசி முடித்தார்கள். நடுவில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. டீக்கடையில் இந்தக் காட்சியை அண்ணாச்சி குரலிலும் பெயின்ட்காரர் குரலிலும் மாறி மாறி நடித்துக் காட்டிப் பெயர் வாங்கியவன் நான். அவரைப் போல நடிப்பதில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதையும் இந்தக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கடைக்கு இரண்டு மழைக்காலம். ஒன்று கடலிலிருந்து வரும். அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே இன்னொன்று கரமனையிலிருந்து பஸ் பிடித்து வரும். ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, கடையில் இருக்கிற பதினோரு பேருடைய பெயரையும் அதில் எழுதி, அண்ணாச்சி சுவரில் மாட்டிவிடுவார். தலைப்பு எதுவும் இருக்காது. தேவையும் இல்லை. மழைக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிளினிக்குக்குப் போய்ப் பனிக்கான ஊசி எடுத்து வர வேண்டும். எடுத்தவன் பெயருக்கு நேரே டிக். வருஷா வருஷம் புது அட்டை, புது டிக்.

"போன வருஷம்தான் எடுத்தேனே அண்ணாச்சி" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ரேக்கிலிருந்து இரண்டு சாமானை எடுத்துக்கொள்வார்.

"இது என்ன?"

"முக்கா இஞ்சு எல்போ."

"இந்தப் பைப்பு?"

"ஒரு இஞ்சு."

"மாட்டிக் காட்டு."

"எப்படி அண்ணாச்சி மாட்டும்?"

"போன வருஷம் வந்த பனி முக்கா இஞ்சு. இந்த வருஷம் வாறது ஒரு இஞ்சு. அது அளவை மாத்திக்கிட்டே இருக்கும் கேட்டியா. பழைய எல்போவ வச்சுக்கிட்டு ஒழுகுது ஒழுகுதுன்னா யாரு என்ன செய்ய முடியும்?"

பிறகு பல டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் கடையில் லோடு இறக்குகிறவர் சுகுமாரன். இரும்புக் குழாய்க் கட்டை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறுகிற ஆள். அவர் அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, எனிக்கு சூசி பேடியா" என்றார். ஊசி என்றால் பயமாம். அண்ணாச்சி அவரைச் சொந்தப் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போனார். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் துடைத்ததுமே சுகுமாரன் மயங்கி விழுந்துவிட்டார். ஊசி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்க நாலு பேர் தேவைப்பட்டது. மூட்டை தூக்குகிறவனைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்கும். தெளிந்ததும், எழுந்த கையோடு ஊசி எடுத்துக்கொண்டார். அவர் பெயருக்கு நேரே அண்ணாச்சி மற்றவர்களைவிடப் பெரிய டிக் போட்டார்.

கொரோனா ஓய்ந்து அடுத்த வருஷம் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்த மே மாதம் அட்டையில் பத்து டிக் விழுந்துவிட்டது. பாக்கி நான்.

எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. காரணம் தேடினேன். கொரோனாவுக்கு இரண்டு ஊசியும் அதற்கு மேல் ஒன்றும் எடுத்திருக்கிறேன், ஒரு மனிதன் எத்தனைதான் எடுப்பான் என்பது முதல் காரணம். எனக்கு இருபத்தொன்பது வயது, காய்ச்சல் என்று படுத்ததே இல்லை என்பது இரண்டாவது. எங்கேயோ ஒருவருக்கு ஊசி எடுத்த பிறகு கையே தூக்க முடியவில்லை என்று போனில் வந்த ஒரு செய்தி மூன்றாவது. அந்த ஒருவர் யார், எந்த ஊர் என்று அதில் இல்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. உண்மையான காரணம் இந்த மூன்றும் அல்ல. டீக்கடையில் தினமும் அவரைப் போல நடித்துச் சிரிக்க வைக்கிறவன், கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டுக் கையை நீட்டினான் என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, "போயிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளினிக் வாசல் வரை போனதும் உண்மை. எனக்கு முன்னால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆறு பேரையும் ஒரு பெரிய காரணமாக எடுத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்து ஓட்டலில் இரண்டு ரசவடை சாப்பிட்டேன். அடுத்த கடை மருந்துக்கடை. உள்ளே போய் வட்டமான சின்ன பிளாஸ்திரி ஒன்று வாங்கினேன். தெருவில் நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் கண்ணாடியிலோ பார்த்து, இடது சட்டைக் கையை மடித்து, ஊசி எடுத்தால் எங்கே ஒட்டுவார்களோ அங்கே சரியாக ஒட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எடுத்தாச்சா மக்கா?"

"எடுத்தாச்சு அண்ணாச்சி."

"வலிக்கா?"

"லேசா."

பதினோராவது டிக் போட்டார். அன்று முழுக்க என்னை ஒரு பெட்டியைத் தொட விடவில்லை. நான் எடுத்து வைக்க வேண்டிய வால்வுப் பெட்டிகளை எல்லாம் அவரே தூக்கி அடுக்கினார். நானும் வலியை நடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை எந்தக் கை என்பதே மறந்துபோய் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினேன். சுகுமாரன் தலையைச் சாய்த்துப் பார்த்து, "சனியாழ்ச்ச இடது கையல்லே இருந்தது?" என்றார். நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழாய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட பிறகு, அண்ணாச்சி என்னையும் சுகுமாரனையும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் கல்யாண நாள். மதினி ரெண்டு பேருக்குச் சோறு போடணும்ங்கா. வாங்க."

கடையில் யாரும் அவர் வீட்டுக்குள் போனது கிடையாது. முதலாளியே தெருவோடு நின்று பேசிவிட்டு வந்தவர்தான். எனக்கு அப்போது லாட்ஜில் வாசம், மெஸ்ஸில் சாப்பாடு. அந்த மெஸ்ஸில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் கிண்ணம்தான் வேறு. அண்ணாச்சி கொண்டுவருகிற டிபன் டப்பாவைத் திறக்கும்போது வருகிற வாசனையை இரண்டு வருஷமாக மோந்துகொண்டிருந்தவன் நான். மதினி கையால் ஒரு முழுச் சாப்பாடு என்றால் விடுவேனா.

வெள்ளிக்கிழமையே தொண்டையில் ஒரு கரகரப்பு இருந்தது. சனிக்கிழமை லேசாக இருமல். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். ஞாயிறு காலை எழுந்தபோது உடம்பு சுட்ட மாதிரியும் இருந்தது, சுடாத மாதிரியும் இருந்தது. சுடாத மாதிரி இருந்ததை எடுத்துக்கொண்டு குளித்துக் கிளம்பினேன்.

கரமனையில், ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வீடு. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. சாரல் விழுகிற இடத்தில் பேப்பர் விரித்திருந்தார்கள். எங்கள் நாற்காலிகள் ஜன்னலை ஒட்டி. சோப்பால் கை கழுவிய பிறகுதான் உட்காரவே விட்டார். மதினி ஒல்லியான, குள்ளமான அம்மாள். சிரித்தால் மட்டும் ஆறடி உயரம் வந்துவிடும். எட்ட நின்றே பரிமாறிவிட்டு, உள் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதை டிவி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடை விசேஷம் எல்லாம் சொல்லுங்க தம்பி. இவரு வந்தா யாரு தும்மினா, யாரு இருமினா, இவ்வளவுதான் நியூஸு."

நான் பெயின்ட்காரர் கதையை நடித்துக் காட்டினேன். அண்ணாச்சிக்கு முன்னாலேயே. மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் மதினி சாதாரணமாகச் சொன்னார்கள்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நாலு வருஷம் முன்னால எனக்குக் கிட்னி மாத்தினது. இவரோடதுல ஒண்ணு இப்போ என்கிட்ட இருக்கு. அவரு சாமானுக்கு அவரு காவல் நிக்காரு."

சுகுமாரன் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டார். முதலாளி எப்போதோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி அண்ணாச்சி இரண்டு மாதம் லீவில் போனாராம். அதற்கு முன்பு அவரும் சாதாரண மனிதராகத்தான் இருந்தாராம்.

"மாத்தின கிட்னிய உடம்பு தள்ளிவிடாம இருக்க மாத்திரை திங்கேன்லா. அதுல எதிர்த்து நிக்கிற சக்தி குறைஞ்சுபோவும். நானும் வருஷா வருஷம் ஊசி எடுக்கத்தான் செய்யேன். ஆனா எனக்கு அது பாதிதான் பிடிக்குமாம். சுத்தி இருக்கவங்க எடுத்தாத்தான் எனக்குப் பாதுகாப்புன்னு டாக்டர் சொன்னாரு. கடையில சொல்லண்டாம்னு நான்தான் சொன்னேன். சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க, எனக்குப் பிடிக்காது. நீங்க ரெண்டு பேரும் எடுத்தாச்சுன்னு இவரு சொன்னாரு. அதான் கூப்பிடச் சொன்னேன். வீட்டுக்கு ஆள் வந்து பத்து மாசம் ஆச்சு."

அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். ஒரு போன் வந்தது என்று சொல்லியிருக்கலாம், வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே. அன்றைக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே பொய்யை நான் சொல்லவில்லை. இலையில் தேங்காய் வறுத்தரைத்த தீயல் குழம்பு இருந்தது, பாயசம் இன்னும் வரவில்லை, எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், இரண்டு மடங்காக வந்தது. அண்ணாச்சியின் தலை சட்டென்று திரும்பியது.

"தீயல் காரம்" என்றேன், கண்ணில் தண்ணீரோடு.

அண்ணாச்சி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மதினி என்னையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பாயசம் கொண்டுவர எழுந்து போனார்கள்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். லாட்ஜ் அறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது அண்ணாச்சி போன் செய்தார்.

"பயப்படாத மக்கா. எடுத்த ஆளுக்கும் வரும், ஆனா லேசா வந்துட்டுப் போயிரும். நீ எடுத்ததுனாலதான் இவ்வளவோட நிக்கி."

எனக்கு அப்போது நூற்றிமூன்று டிகிரி. மத்தியானம் சுகுமாரன் ஒரு பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். மதினி கொடுத்தனுப்பியது. பசியில் அதையும் குடித்தேன்.

மூன்றாம் நாள் கஞ்சி வரவில்லை. போனும் வரவில்லை. மதினியை மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக முதலாளி சொன்னார். சுகுமாரனுக்கு ஒன்றும் வரவில்லை. மயங்கி விழுந்தாவது எடுத்த ஊசி அவரைக் காத்திருக்கும்.

ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. எனக்குக் காய்ச்சல் விட்டு, வெளியே நடமாடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி வெளி வராந்தாவில், தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை. அங்கே அத்தனை பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒரு இருமலுக்கும் அவர் தலை திரும்பவில்லை.

கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொன்னேன். பிளாஸ்திரி, ரசவடை, ஸ்கூட்டர் கண்ணாடி, வெள்ளிக்கிழமைத் தொண்டை, எல்லாம். தீயல் காரம் என்றதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தார்.

"உங்கிட்டயிருந்துதான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "யாருக்குத் தெரியும். ஊரெல்லாம் பனி. பால்காரனா இருக்கலாம், காஸ் கொண்டு வந்தவனா இருக்கலாம். ஏன், நானாவே இருக்கலாம். ஆனா அவங்க யாரும் எங்கிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லல மக்கா."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்து. வீட்டுக்குப் போ" என்றார். நான் திரும்பியபோது, "மதினிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றும் சொன்னார்.

மதினி மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போகாமல் இருந்தேன். ஒரு நாள் போனேன். கேட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, குடை பிடித்து நின்றேன். மதினி ஜன்னலுக்கு உள்ளே. முகம் பாதியாகியிருந்தது. இந்த முறை தீயல் உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னேன். மழைச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் தெருவில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

"அந்தத் தீயல்ல நான் மிளகாயே போடல தம்பி" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"நாலு வருஷமா இந்த வீட்டுல காரம் கிடையாது. மல்லியும் தேங்காயும் வறுத்து வைக்கதுதான். நீ காரம்னு சொன்ன உடனே எனக்கு விளங்கிட்டு, உனக்குச் சளி பிடிச்சு நாக்குல ருசியே இல்லன்னு. ஆனா சாப்பிட்டுக்கிட்டிருக்க ஆள எந்திரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. பத்து மாசம் கழிச்சு வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம். நானும் ஆசைப்பட்டுட்டேன். அதனால பாதித் தப்பு எனக்கு."

"இல்ல மதினி, நான்தான்..."

"பாதிதான் சொன்னேன். மீதிப் பாதி உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டார்கள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

அண்ணாச்சி கடைக்குத் திரும்பி வந்தார். என்னிடம் பேசினார், சாமான் பெயர்களை மட்டும். "ஒரு இஞ்சு டீ ஜாயின்ட்டு, இருபது." "வால்வு, ரெண்டு பெட்டி." மக்கா என்ற வார்த்தை நின்றுபோனது. நான் செய்ததை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. சுவரில் இருந்த அட்டையில் என் பெயருக்கு நேரே விழுந்த டிக்கைக்கூட அழிக்கவில்லை. அழித்தால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள் அல்லவா. அந்தப் பொய் டிக்கைப் பதினோரு மாதம் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. டீக்கடையில் பழக்க தோஷத்தில், "அண்ணாச்சி மாதிரி ஒண்ணு செய்யேன்" என்று கேட்டுப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. இத்தனை வருஷமாக அவரும் சொல்லவில்லை, சுகுமாரனும் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த மே மாதம், அண்ணாச்சி புது அட்டை மாட்டுவதற்கு முன்பே ஒரு காலை, கடைக்குப் போகிற வழியில் அந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி உள்ளே வந்தார். வருஷா வருஷம் எங்கள் கடையில் முதல் ஊசி அவருடையது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். என்னைப் பார்த்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரில் இருந்த ஒரு பல் விளக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. சட்டைக் கையை மடித்தேன். நர்ஸ் குத்தினார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது. ஊசி வலிக்காமல் போனதற்காக அழுத ஆள் அந்தக் கிளினிக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்து அண்ணாச்சி. முடிந்ததும், அரைமணி நேரம் வெளி அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நர்ஸ் சொன்னார்.

உட்கார்ந்தோம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது.

"மதினி கேட்டா" என்றார் அண்ணாச்சி, அந்தப் பல் படத்தைப் பார்த்தபடியே. "அந்தப் பையன் இன்னும் அந்த மெஸ்ஸுலதான் சாப்பிடுதானான்னு."

"ஆமா அண்ணாச்சி."

"மோசமா இருக்குமோ?"

"ரொம்ப மோசம்."

"ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கையை ஆட்டிக்கிட்டே இரு மக்கா, இல்லன்னா நாளைக்கு வலிக்கும்" என்றார்.

ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அரைமணி ஆகிவிட்டது, இனிப் போகலாம் என்று நர்ஸ் வந்து சொன்னார். சரி என்று தலையாட்டினோம். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.